எந்தக் கையில் கொடுப்பது

கருணாபுரம்,
கள்ளக்குறிச்சி.
ஜூன் 25, புதன்கிழமை.

அன்புள்ள அண்ணனுக்கு,

மணிமொழி எழுதுகிறேன். அம்மா நலம். நான் நலம். தெருக்குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது, அதையும் நலம் என்றே வைத்துக்கொள். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. போனில் கேட்டால் "ம்" என்கிறாய், அடுத்து "சாப்ட்டேன், வெச்சிடறேன்" என்கிறாய். போன வாரம் பார்த்தேன், சராசரியாகப் பதினோரு நொடி பேசுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது. இதில் ஒரு கேள்வி இருக்கிறது, அதற்குப் பதில் உனக்கு மட்டும்தான் தெரியும். வெள்ளிமலைப் பாதையில் இருக்கிற அம்சவள்ளி வருகிற நாலாம் தேதி பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு உட்காருவாளா மாட்டாளா என்பது அந்தப் பதிலில் இருக்கிறது. அதற்கு வருவதற்கு முன்னால் வீட்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன்.

அம்மா உனக்குச் செருப்பு வாங்க வேண்டும் என்று என்னைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடை வாசலில் நின்று, "ஏன் மணி, ஒண்ணு வாங்கினா போதுமா, ரெண்டும் வாங்கணுமா" என்று கேட்டாள். பொருத்தின காலுக்கும் செருப்பு வேண்டும் என்றேன். "அதுக்கு முள்ளு குத்தினா வலிக்கவா போவுது" என்றாள். எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும், சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். ஜனவரியில் உனக்கு அடிபட்ட பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இரண்டும் வாங்கியிருக்கிறோம். எட்டாம் நம்பர்.

கால் பொருத்தப் போன கோயம்புத்தூரிலேயே இருந்துவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னாயாம். ஏதோ மில் விடுதியில் கேமரா ரூம் வேலை, முப்பதாம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாயாம். அது கேவலமான வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வேலையும் கேவலமில்லை. பிரேக் பிடிக்காத பஸ்ஸை மலையில் ஓட்டச் சொல்லிவிட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க இறங்கின கண்டக்டரின் கால் போனதும், "அவன் ஏன் எறங்கினான்" என்று கேட்ட முதலாளி செய்வதுதான் கேவலமான வேலை. ஆனால் நீ ஏன் அந்த கேமரா ரூமைப் பிடித்துக்கொள்கிறாய் என்று எனக்குத் தெரியும். அங்கே உட்கார்ந்து நீ எல்லாரையும் பார்க்கலாம், உன்னை யாரும் பார்க்க மாட்டார்கள்.

உன்னிடம் நான் ஒரு மன்னிப்பு கேட்க வேண்டும். மார்ச் மாதம் உனக்கு ஒரு பட்டியல் அனுப்பினேனே, ஐந்து மணிக்கு எழுவது, ஆறு மணிக்கு உடற்பயிற்சி, பத்து மணிக்கு டைப்பிங் வகுப்பு, மாலையில் மனநல ஆலோசகர் என்று கட்டம் கட்டமாகக் கலர் அடித்து. நீ பதிலுக்கு, "நா இன்னா டைம்டேபிள் பஸ்ஸா" என்று ஒரே வரி அனுப்பினாய். அன்றைக்கு எனக்கு உன்மேல் கோபம். இப்போது அந்த வரியை நினைத்தால் என்மேல் கோபம் வருகிறது.

நான் சென்னையில் என்ன ஆராய்ச்சி செய்கிறேன் என்று நாலு வருஷமாகக் கேட்கிறாய், நானும் மழுப்பிக்கொண்டே வந்தேன். சிக்கலான அமைப்புகளின் அறிவியல் என்று அதற்குப் பெயர். பஸ் இன்ஜினில் எத்தனையோ பாகங்கள் இருக்கின்றன, ஆனாலும் பழுதானதைக் கழற்றி வேறொன்றை மாட்டினால் ஓடும். காலை எட்டரை மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டை அப்படிக் கழற்ற முடியாது. அதை யாரும் நடத்தவில்லை. பூ விற்பவர், டிரைவர், காலேஜ் பிள்ளைகள், ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தன் காரியத்தைச் செய்கிறார்கள், அதிலிருந்துதான் பஸ் ஸ்டாண்ட் என்ற ஒன்று உண்டாகிறது. உளுந்தூர்பேட்டையில் ஒரு லாரிக்காரர் டீக்கு ஒதுங்கலாமா என்று யோசித்து லேசாக பிரேக்கை மிதிக்கிறார். ஒரு கிலோமீட்டர் பின்னால் ஒரு பஸ் முழுசாக நின்றுவிடுகிறது. அதில் இருப்பவர்கள் முன்னால் ஏதோ விபத்து என்று எட்டிப் பார்க்கிறார்கள். முன்னால் ஒன்றுமே இல்லை. காரணம் எந்த வண்டியிலும் இல்லை, வண்டிகளுக்கு நடுவில் இருக்கிறது. இதைத்தான் நான் கம்ப்யூட்டரில் போட்டுப் போட்டுப் பார்க்கிறேன். இவ்வளவும் தெரிந்தவள், சொந்த அண்ணனுக்கு அடிபட்டதும் மெக்கானிக் ஆகிவிட்டேன். கால் பழுது, கால் மாட்டியாயிற்று. மனசு பழுது, ஆலோசகரை மாட்டு. உன்னைச் சுற்றி என்ன இருந்தது, அது எங்கே போயிற்று என்று பார்க்கவே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தரையில் இரண்டு குழி தோண்டி ஒன்றில் கோலியைப் போட்டுவிட்டு லேசாகத் தட்டினால், கொஞ்சம் ஏறி அதே குழிக்கு இறங்கிவிடும். பலமாக அடித்தால் மேட்டைத் தாண்டிப் பக்கத்துக் குழியில் விழும். விழுந்த பிறகு அங்கேயும் அது அசையாமல்தான் கிடக்கும். நீ இப்போது அப்படிக் கிடக்கிறாய். நீ அழுவதில்லை, கத்துவதில்லை, அதனால் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "தேறிட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நீ தேறவில்லை அண்ணா, அங்கேயே நிலைத்துவிட்டாய். "பழையபடி ஆயிடுவே" என்று சொன்னவர்களும் பொய்தான் சொன்னார்கள். படியில் ஒரு காலை வைத்துத் தொங்கிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் விசில் அடிக்கிற கண்டக்டர் இளவரசன் இனி கிடையாது. யாரும் உன் முகத்துக்கு நேரே இதைச் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். ஆனால் குழி இரண்டுதான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. வேறு ஒன்று எங்கே இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் கட்டம் போட்டுக் காட்டவும் முடியாது. அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருந்தால்தான் அது தட்டுப்படும். உன்னை அசைக்க ஏன் ஒருவர்கூட இல்லை? பதினோரு வருஷம் அந்தப் பாதையில் போய்வந்த ஆளுக்கு ஏன் ஒரு போன்கூட வரவில்லை? அதைத் தெரிந்துகொள்ளத்தான் போன செவ்வாய்க்கிழமை உன் பஸ்ஸில் ஏறினேன்.

கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க இறங்கியதுமே தெரிந்துவிட்டது. டீக்கடைக்காரர் பழனி என்னைப் பார்த்து, "தம்பி எப்டி இருக்காரு? போன் பண்ணலாம்னுதான் பாத்தோம், உங்கம்மா வாணாம்னுட்டாங்களே" என்றார். கோமுகி அணைக்கட்டில் மீன் விற்கிற அம்மாவும் அதையே சொன்னார்கள். கரியாலூரிலும் அதே. பிப்ரவரியில் அம்மா இந்த பஸ்ஸிலேயே ஏறி, ஒவ்வொரு நிறுத்தமாக இறங்கி, "எம்புள்ளகிட்ட யாரும் எதுவும் கேக்காதீங்க, ஒரு வேலையும் சொல்லாதீங்க, முடியலையேன்னு ஒடஞ்சிபூடுவான்" என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். மலைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர்கள். பதினேழு நிறுத்தத்திலும் ஒருவர்கூட உன்னைக் கூப்பிடவில்லை. நீ அங்கே படுத்துக்கொண்டு, காலோடு சேர்த்து என்னையும் மறந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பஸ் உன் காலைத்தான் எடுத்தது. மற்ற எல்லாவற்றையும் அன்பு என்ற பெயரில் நாங்கள் அறுத்தோம்.

அம்மாமேல் கோபப்படாதே. போன வருஷம் இந்த மாதத்தில் நம் தெருவில் சாராயத்தால் பிணம் பிணமாக விழுந்தபோது என்ன நடந்தது என்று நினைத்துப்பார். கேமராவோடு வந்தவன், கட்சித் துண்டோடு வந்தவன், கணக்கெடுக்க வந்தவன், எல்லாரும் ஒரே வாசலில் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "எத்தனை மணிக்குக் குடிச்சாரு? நீங்க தடுக்கலையா?" எதிர்வீட்டுப் பெண் ஒவ்வொரு முறை பதில் சொல்லும்போதும் இன்னும் கொஞ்சம் செத்ததை அம்மா பார்த்தாள். கேள்வி கேட்பதே கொல்லும் என்று அங்கேதான் கற்றுக்கொண்டாள். நீ உதவி செய்யத் தெரிந்த ஆள், உன்னை யாரும் எதுவும் கேட்காமல் விட்டதுதான் உன்னைக் கொல்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை. மறுநாள் காலையில் தோசையைத் தட்டில் போட்டுவிட்டு, "அப்ப நீயே கேட்டு எழுது" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது அம்சவள்ளி விஷயம்.

மலைமேலே போகிற சாமானையெல்லாம் இங்கே டவுனில் காஜா பாயின் பை கடையில் கொண்டுவந்து போடுவார்கள், நீ எடுத்துக்கொண்டு போய்க் கொடுப்பாய். மூக்குக்கண்ணாடி, மாத்திரை, தைத்த ஜாக்கெட், குடை. எதன்மேலும் பேர் எழுத மாட்டாய். "பேர் எழுதினா ஊரே படிக்கும்" என்று நீ சொன்னபோது, சோம்பேறித்தனத்துக்கு ஒரு காரணம் சொல்கிறாய் என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன். உன் இடத்துக்கு இப்போது கவியரசன் என்று ஒரு பையன் வந்திருக்கிறான். இருபத்திரண்டு வயது. உன்னைவிட ஒழுங்கானவன், அதுதான் வினையாகிவிட்டது. "அவுரு மாதிரி ஞாபகம் எனக்கில்லக்கா, அதான் பெருசா எழுதி வெச்சிகினு வூட்டாண்டயே போய்க் குடுத்துட்றேன்" என்றான். டிரைவர் ஹாரன் அடிக்க அடிக்க ஓடிப் போய் வாசலில் கொடுத்துவிட்டு ஓடி வருகிறான். ஏப்ரலில் ஒரு கவர் மேல் அம்சவள்ளி என்று மார்க்கரில் கொட்டை எழுத்தில் எழுதி, அவள் வீட்டு வாசலுக்கே கொண்டுபோய், அவள் புருஷன் கையில் கொடுத்துவிட்டான். உள்ளே கணக்கு கைடு. அது அன்றைக்கே அடுப்புக்குப் போனது. அவளுக்கு விழுந்த அடியைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அன்றிலிருந்து அவள் ரோட்டுப் பக்கம் வரக்கூடாது. கவியரசன் இதைச் சொல்லும்போது டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டான். "நல்லது செய்றதா நெனச்சி செஞ்சேன்கா" என்றான். அவனை என்ன சொல்வது? நானும் கலர் பென்சிலால் அதையேதானே செய்தேன்.

மூன்று வருஷமாக நீ அவளுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய், வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எட்டாவதோடு நின்றவள், இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பத்தாவது பாஸ் செய்து அங்கன்வாடி வேலைக்கு மனு போட வேண்டும் என்று படித்திருக்கிறாள். அவள் நின்றதற்குக் காரணம் அடுத்த வகுப்பு பதினான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தது, பஸ் ஒரு நாளைக்கு இரண்டு நடை. மலையில் ஒரு பெண் பத்தாம் வகுப்பு எழுத ஒரு கண்டக்டரின் ஞாபகசக்தி தேவைப்படுகிறது. அரசாங்கம் இருக்க வேண்டிய இடத்தில் நீ இருந்திருக்கிறாய். இதை உனக்குப் பாராட்டாகச் சொல்லவில்லை. வயிற்றெரிச்சலில் சொல்கிறேன். ஒரு ஆள் இறங்கிக் கல் வைத்தால் மொத்தமும் நின்றுபோகும் என்று ஒரு ஊரை வைத்திருக்கிறார்களே, அந்த எரிச்சல்.

அவள் பரீட்சை மனுவில் காஜா பாயின் போன் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். பாய் நெட் சென்டரில் ஹால் டிக்கெட்டை எடுத்து, ஒரு ஸ்கூல் பைக்குள் வைத்து மேல் தட்டில் தொங்கவிட்டிருக்கிறார். பரீட்சை இங்கே டவுனில்தான். காலை முதல் நடை பஸ்ஸில் அவள் இறங்கி வந்தால் போதும். ஆனால் அவள் கைக்கு இது போய்ச் சேர வேண்டும், தேதி தெரிய வேண்டும். பாயிடம் கேட்டேன். "உங்கண்ணன் எங்க எறங்கி யார் கையில குடுப்பாருன்னு நான் கேட்டதில்லம்மா, அவரும் சொன்னதில்ல. ரெண்டு பேரும் பெரிய மனுஷத்தனம் பண்ணிட்டோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை உன்னிடமே கேட்டேன். "அதெல்லாம் முடிஞ்சிபோச்சி மணி" என்று வைத்துவிட்டாய்.

முடியவில்லை அண்ணா. முடிந்திருந்தால் ஹால் டிக்கெட் வந்திருக்காது.

நாங்களாக யோசித்துப் பார்க்காமல் இல்லை. கேழ்வரகு மூட்டைக்குள் வைத்து அனுப்பலாம் என்றான் கவியரசன். அந்த மூட்டையைப் பிரிப்பது யார் என்று கேட்டேன், தெரியவில்லை. நானே நேரே போகலாம் என்று நினைத்தேன். டவுனிலிருந்து ஒரு பெண் அவளைத் தேடி வாசலில் வந்து நின்றால் அதற்கும் சேர்த்து அவள்தான் வாங்குவாள். நீ கொடுத்த இடம் அவள் வீட்டு நிறுத்தமாக இருக்காது, அது மட்டும் புரிகிறது. யாரோ ஒரு கை நடுவில் இருக்கிறது. மாமியாரா, பள்ளிக்கூடத்து ஆயம்மாவா, சந்தைக்கு வருகிற யாராவதா? பதினேழு நிறுத்தத்தையும் தாளில் வரைந்து கோடு போட்டுப் பார்த்தேன். என் படிப்பு அங்கே நின்றுவிட்டது. தவறான கையில் இன்னொரு முறை கொடுத்தால் அவளுக்கு அடுத்த வருஷம் என்ற ஒன்று இருக்காது.

நீ திரும்பி வா என்று நான் எழுத மாட்டேன். அது நீ முடிவு செய்ய வேண்டியது. கேமரா ரூமுக்குச் சரி என்று சொன்னாலும் நீ என் அண்ணன்தான். பாய் கடையில் குடை மாட்டுகிற மூலையை ஒழித்து ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறார். எதற்கு என்று கேட்டதற்கு "ச்சும்மா" என்றார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இந்த ஒரு பதிலை நீ எழுதினால் உனக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல என் படிப்பில் இடமில்லை. சின்ன அசைவு சில நேரம் எங்கேயோ கொண்டுபோகும், சில நேரம் எங்கேயும் கொண்டுபோகாது. முன்கூட்டிச் சொல்ல முடியும் என்கிறவன் பொய் சொல்கிறான். ஆனால் அம்சவள்ளிக்குச் சரியாகலாம். உன்னைக் கேட்பதற்கு அது போதாதா?

இத்துடன் விலாசம் எழுதின இன்லேண்டு ஒன்று வைத்திருக்கிறேன். கார்டு வைத்தால் தபால்காரர் வரைக்கும் படிப்பார்கள், உன்னிடம் கற்றதுதான். இதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். அன்றைக்கே எழுதிப் போட்டால் செவ்வாய்க்கிழமைக்குள் எனக்குக் கிடைக்கும். எந்த நிறுத்தம், எந்தக் கை, கொடுக்கும்போது என்ன சொல்ல வேண்டும், இவ்வளவுதான். போட்டதும் மறந்துவிடு, மற்றதை நானும் கவியரசனும் பார்த்துக்கொள்கிறோம்.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, "கால்ல புண்ணு கிண்ணு வராம பாத்துக்கச் சொல்லு, நான் கேட்டேன்னு எழுதாத" என்கிறாள். எழுதிவிட்டேன். அவளுக்குப் படிக்கத் தெரியாதது நமக்கு ஒரு வசதி.

உன் உடம்பு நல்லபடி இருக்கட்டும், பொருத்தின கால் நீ சொன்ன பேச்சைக் கேட்கட்டும். மூன்று விஷயத்தையும் எழுதி முடித்த பிறகு இன்லேண்டில் நிறைய இடம் மிச்சம் இருக்கும். அதை வெறுமையாக விடாதே. நான் செய்த குளறுபடிக்கெல்லாம் சேர்த்து என்னைத் திட்டி எழுது. நீ என்னைத் திட்டி ஐந்து மாதம் ஆகிறது.

உன் தங்கை,
மணிமொழி